உச்சியில் நின்றபோது இறங்கி வந்த பாடகி



சில மாதங்களுக்கு முன் உபவாச ஜெபம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். பாடல் குழுவில் பாடுகிற ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. வீட்டில் கஷ்டம். நல்ல குரல்! அவள் பாட ஆரம்பித்தால் பின்னால் பேசிக்கொண்டிருக்கிறவர்கள்கூட வாயை மூடிவிடுவார்கள். ஒரு மெல்லிசைக் குழுவில் பாடக் கூப்பிடுகிறார்களாம். ஒரு ராத்திரிக் கச்சேரிக்குக் கிடைப்பது இங்கே பல நாள் கூலிக்குச் சமம். போகலாமா, கூடாதா? போனால் பாவமா? இதுதான் அவள் கேள்வி.

எனக்கு உடனே பதில் வரவில்லை. போகாதே என்று சொல்வது லேசு. அவள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிறது யார்? போ என்று சொல்வதும் லேசு. அவள் ஆத்துமாவுக்கு யார் கணக்குக் கொடுப்பது? அன்றைக்கு நான் அவளுக்கு ஒரு சரித்திரத்தைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் எழுதுகிறேன். ஐரோப்பா காலடியில் கிடந்தபோது மேடையை விட்டு இறங்கி வந்த ஒரு பாடகியின் சரித்திரம். அவர்கள் பெயர் ஜென்னி லிண்ட்.

ஆப்பரா என்றால் என்ன?

நம்ம கரிசக்காட்டு ஜனங்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டமில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்க்காத பெரியவர்கள் குறைவு. நாடகத் தமிழுக்குத் தலைமை ஆசிரியர் என்று பேர் வாங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர்தான். ராஜாவும் பாடுவார், ராணியும் பாடுவாள், சண்டையும் பாட்டு, சமாதானமும் பாட்டு. மைக் இல்லாத காலத்தில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடினால் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஐரோப்பாவில் அதே மாதிரி முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம்தான் ஆப்பரா. பெரிய வாத்தியக் குழுவின் சத்தத்தையும் தாண்டி, வெறும் தொண்டையால் அரங்கம் முழுவதையும் நிரப்ப வேண்டும். அதில் பெண்களின் உச்சஸ்தாயிக் குரலுக்குச் சொப்ரானோ என்று பெயர். சி.எஸ்.ஐ. சபைப் பாடகர் குழுவில் பாடினவர்களுக்கு இந்த வார்த்தை பழக்கம்தான். ஜென்னி லிண்ட் ஒரு சொப்ரானோ. 19-ம் நூற்றாண்டில் உலகம் அறிந்த சொப்ரானோக்களில் முன்வரிசையில் நின்றவர்.

ஜன்னலோரத்துச் சிறுமி

1820-ம் ஆண்டு அக்டோபர் 6-ம் தேதி, ஸ்வீடன் தேசத்தின் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் ஜென்னி பிறந்தாள். பிறந்தபோது தாய்க்கும் தகப்பனுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஊர் வாய் என்ன பேசியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தாய் வீட்டிலேயே சிறு பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்த பெண். கோபக்காரி. தகப்பன் கணக்கு எழுதுகிறவர். ஜென்னிக்குப் பதினான்கு வயதான பிறகுதான் அவர்கள் முறைப்படி கல்யாணம் பண்ணினார்கள். குழந்தைப் பருவத்தில் சில வருஷங்கள் வேறொரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். அது ஒரு கிராமத்துச் சபையில் ஆர்கன் வாசிக்கிறவரின் வீடு. அதற்குப் பிறகு பாட்டியின் நிழல். தெய்வபயம் அந்தப் பாட்டியிடமிருந்துதான் இந்தப் பிள்ளைக்குத் தொற்றியது.

யாரும் வேண்டாத பிள்ளைக்கு ஒரு பூனை சிநேகிதம். ஜன்னலோரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே இருப்பாள். ஒன்பது வயதில் ஒரு நாள் அப்படிப் பாடும்போது தெருவில் போன ஒரு வேலைக்காரப் பெண் காது கொடுத்துக் கேட்டாள். அவள் ராஜாவின் நாடக அரங்கத்தில் ஆடுகிற லுண்ட்பெர்க் என்ற நடன மங்கையின் வேலைக்காரி. போய்ச் சொன்னாள். நடன மங்கை பிள்ளையைப் பாடச் சொல்லிக் கேட்டு, அரங்கத்தின் சங்கீத ஆசிரியரிடம் அனுப்பிவைத்தார்.

நாடகம் என்றதும் தாயும் பாட்டியும் தயங்கினார்கள். நாடகக்காரி என்ற பெயர் அந்த ஊரிலும் கெட்ட பெயர்தான். கடைசியில் சம்மதித்தார்கள். 1830-ல் அரங்கத்தின் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் அரசாங்கச் செலவு. வளர்ந்தபின் மேடையில் உழைத்து அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். பத்து வயதிலேயே மேடை ஏறிவிட்டாள்.

1838-ம் ஆண்டு மார்ச் 7-ம் தேதி, வேபர் இயற்றிய ஓர் ஆப்பராவில் அகாதே என்ற நாயகி வேஷம். அப்போது வயது பதினேழு. அந்த ஒரே ராத்திரியில் தன் குரலின் பலம் என்ன என்று அந்தப் பெண் கண்டுகொண்டாள். வாழ்நாள் முழுவதும் அந்த நாளை இன்னொரு பிறந்த நாளாகவே நினைத்துக்கொண்டார்கள் ஜென்னி அம்மையார். இருபது வயதுக்குள் ராஜாவின் சபைப் பாடகி என்ற பட்டமும் கிடைத்தது.

குரல் போன நாள்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு பெண் பாடினால் கொட்டகை நிறைகிறது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? பாட வை, பாட வை, இன்னும் பாட வை! அம்மையாரும் ஓயாமல் பாடினார்கள். இருபது வயதில் தொண்டை கெட்டுப்போனது. உச்சத்தில் காற்று மட்டும் வந்தது. நடுஸ்தாயி கரகரத்தது.

1841-ல் பாரிஸ் பட்டணத்துக்குப் போய் மானுவேல் கார்சியா என்ற ஆசிரியரின் வாசலில் நின்றார்கள். அந்நாளில் குரல் சாஸ்திரத்தில் அவருக்கு மிஞ்சினவர் இல்லை. பின்னாளில் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் காட்டிக் குரல்நாண் அசைவதைக் கண்ணால் பார்க்க வழி கண்டுபிடித்தவரும் அவரே. அவர் முன்னே அம்மையார் பாட ஆரம்பித்துப் பாதியில் திணறிப்போனார்கள். குரல் முடிந்துவிட்டது என்பதே அவர் தீர்ப்பு. கண்ணீரோடு மன்றாடின பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சில வாரங்கள் பாடவே கூடாது. பேச்சையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் பார்க்கலாம்.

சொந்தபந்தம் இல்லாத ஊரில், பாட்டு ஒன்றே பிழைப்பான ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களை எண்ணிப் பாருங்கள்! நம்ம கரிசல் நிலம் கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பார்க்கிற வெளியூர்க்காரன் செத்துப்போன பூமி என்பான். சம்சாரிக்குத் தெரியும், அது ஐப்பசி மழைக்குக் காத்துக் கிடக்கிறது என்று. அந்த மௌனமும் அப்படித்தான் இருந்தது. திரும்பிப் போனபோது குரலில் கொஞ்சம் உயிர் தெரிந்தது. ஆசிரியர் சேர்த்துக்கொண்டார். ஊரே கொண்டாடிய பாடகி, முதல் பாடம் படிக்கிற குழந்தை மாதிரி மெள்ள மெள்ள ஸ்வரம் ஏறி இறங்கி, மூச்சை எங்கே எடுப்பது, எப்படி விடுவது என்று மாதக்கணக்கில் படித்தார்கள். 1842-ல் ஸ்டாக்ஹோம் திரும்பி மறுபடியும் மேடை ஏறியபோது, முந்தின குரலை விடப் பிந்தின குரல் மேலானதாக இருந்தது.

நம்ம சபைகளில் ஆராதனை நடத்துகிற வாலிபர்களுக்கு இதை அன்பாகச் சொல்கிறேன். முழு இரவு ஜெபத்தில் தொண்டை கட்டும் வரை கத்துவது அபிஷேகத்துக்கு அடையாளம் இல்லை. தொண்டையும் கர்த்தர் கொடுத்ததுதான். அதற்கும் ஓய்வு வேண்டும்.

ஐரோப்பா முழுவதும்

1843-ல் டென்மார்க் போனார்கள். அங்கே கதை எழுதுகிற ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இவர்கள் மேல் மனதைப் பறிகொடுத்தார். அம்மையாரோ அவரைச் சகோதரனாகவே பாவித்தார்கள். அதே வருஷம் அவர் வெளியிட்ட நைட்டிங்கேல் பறவைக் கதைக்கு இவர்கள் குரலே தூண்டுதல் என்று சொல்வார்கள். ஸ்வீடன் தேசத்து நைட்டிங்கேல் என்பதே இவர்களுக்கு நிலைத்துப்போன பட்டம். நம்ம வழக்கில் சொன்னால் ஸ்வீடன் குயில்.

1844-ல் பெர்லின். அங்கே மெண்டல்சன் என்ற மகா சங்கீத வித்வானின் நட்பு கிடைத்தது. எலியா தீர்க்கதரிசியின் சரித்திரத்தை அவர் பெரிய இசைப் படைப்பாகச் செய்தபோது, சொப்ரானோ பகுதியை ஜென்னி அம்மையாரின் குரலை மனதில் வைத்தே எழுதினார். 1847 மே 4-ல் லண்டனில் முதல் ஆப்பரா. விக்டோரியா மகாராணியே வந்து கேட்டார். டிக்கெட்டுக்கு ஜனங்கள் முண்டியடித்து உடுப்பு கிழிந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் மெண்டல்சன் 38 வயதில் காலமானார். அந்த மரணம் அம்மையாரை உலுக்கிப்போட்டது. 1848 டிசம்பரில் லண்டனில் எலியாவைப் பாடி, வந்த ஆயிரம் பவுனை அவர் பெயரில் மாணவர் படிப்புக்கு வைத்தார்கள்.

மேடையை விட்டது ஏன்?

1849 மே 10-ம் தேதி. லண்டன் அரங்கம். அன்றுதான் அம்மையார் கடைசியாக ஆப்பரா பாடினார்கள். வயது எவ்வளவு தெரியுமா? 28! குரல் போகவில்லை. கூட்டம் குறையவில்லை. கடன் இல்லை. மகாராணி முதல் மளிகைக்கடைக்காரர் வரை கேட்கத் தயாராக இருந்த நேரம்.

ஏன் விட்டார்கள்? பின்னாளில் ஒரு சிநேகிதி, கடற்கரையில் வேதபுத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சூரியன் மறைவதைப் பார்த்திருந்த அம்மையாரிடம் இதைக் கேட்டாராம். மேடை வாழ்வு நாளுக்கு நாள் இந்த வேதத்தைப் பற்றிய நினைப்பைக் குறைத்தது, இந்தச் சூரியனைப் பார்க்கவே விடாமல் செய்தது, பிறகு என்னதான் செய்வது என்கிற விதமாக அவர்கள் பதில் இருந்தது. இதை எத்தனையோ போதகர்கள் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த நாட்களில் அம்மையாருக்கு ஓர் இளம் ராணுவ அதிகாரியோடு கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பக்தியுள்ள குடும்பம். ஆனால் மாப்பிள்ளை பார்வையில் நாடக அரங்கம் என்பது பிசாசின் வீடு. அங்கே பாடினதற்காக இவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். அம்மையார் இணங்கவில்லை. கல்யாணம் நின்றுபோனது. நாடக மேடை வேண்டாம் என்று தீர்மானித்தவர், அங்கே தாம் உழைத்ததைப் பாவம் என்று ஒத்துக்கொள்ளவில்லை! மேடை வேறு, குரல் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேடையை விடலாம். குரல் கர்த்தர் கையில் கொடுத்த தாலந்து. அதை நிலத்தைத் தோண்டிப் புதைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று மத்தேயு 25-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

குரல் பள்ளிக்கூடமானது, ஆஸ்பத்திரியானது

ஆப்பராவை விட்டார்கள், பாடுவதை விடவில்லை. வேஷம் இல்லை, ஒப்பனை இல்லை. நின்று பாடுகிற கச்சேரி மட்டும். இங்கிலாந்தில் நார்விச் என்ற ஊரின் பிஷப் இவர்களை வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர். அந்த ஊரில் 1849-ல் பாடிக் கிடைத்த பணத்தை ஏழைகளுக்கென்று கொடுத்தார்கள். அதிலிருந்து 1854-ல் வியாதிப்பட்ட பிள்ளைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி எழும்பியது. பிள்ளைகளுக்கென்றே தனி ஆஸ்பத்திரி என்பது இங்கிலாந்திலேயே புதுசாக இருந்த காலம் அது. ஜென்னி லிண்ட் என்ற பெயரில் அந்தப் பிள்ளைகள் மருத்துவப் பிரிவு நார்விச்சில் இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்து அமெரிக்கா. பி.டி. பார்னம் என்ற வேடிக்கைக் காட்சி வியாபாரி 150 கச்சேரிக்கு, கச்சேரி ஒன்றுக்கு ஆயிரம் டாலர் என்று ஒப்பந்தம் பேசினார். அம்மையார் ஏமாளி இல்லை. மொத்தப் பணமும், கூட வருகிறவர்கள் செலவும் சேர்த்து 1,87,500 டாலரை முன்னதாகவே கட்டச் சொன்னார்கள். பார்னம் கடன்பட்டுக் கட்டினார். 1850 செப்டம்பர் 1-ல் நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் வந்தபோது கரையில் ஆயிரம் ஆயிரமாய் ஜனக்கூட்டம். டிக்கெட்டை ஏலம் போட்டு விற்றார்கள். முதல் டிக்கெட்டை ஒரு தொப்பி வியாபாரி 225 டாலருக்கு எடுத்தார். கையுறை, தொப்பி, பியானோ, கட்டில் என்று எதை எடுத்தாலும் ஜென்னி லிண்ட் பேர்!

முதல் கச்சேரியில் தம் பங்காகக் கிடைத்த ஏறக்குறைய பத்தாயிரம் டாலரை நியூயார்க் தர்ம ஸ்தாபனங்களுக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். பார்னத்தின் கீழே தொண்ணூற்றுச் சொச்சம் கச்சேரிகள். மொத்தம் சுமார் மூன்றரை லட்சம் டாலர் சம்பாத்தியம். அதில் பெரும்பங்கு எங்கே போனது? ஸ்வீடனில் ஏழைப் பிள்ளைகள் இலவசமாய்ப் படிக்கிற பள்ளிக்கூடங்களுக்கு! யாரும் வேண்டாத பிள்ளையாகப் பிறந்தவர், முகம் தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தார்.

எல்லாம் சுகமாய் இருந்தது என்று எழுத மாட்டேன். பார்னத்தின் விளம்பரத் தம்பட்டம் அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. சாமானியர் வாங்க முடியாத விலையில் டிக்கெட் போவது மனதை உறுத்தியது. 1851-ல் பார்னத்தை விட்டுப் பிரிந்து தாமே கச்சேரி நடத்தினார்கள். ஊர் ஏக்கமும் மனச்சோர்வும் அடிக்கடி வந்தன. சுருக்கென்று கோபமும் வரும். நம்மைப் போல மாம்சமும் இரத்தமுமான மனுஷிதான்.

கடைசி வருஷங்கள்

1852 பிப்ரவரி 5-ல் பாஸ்டன் நகரில், தமக்குப் பியானோ வாசித்த ஓட்டோ கோல்ட்ஷ்மிட் என்பவரைக் கல்யாணம் செய்தார்கள். அம்மையாரை விட அவர் ஒன்பது வயது இளையவர். மூன்று பிள்ளைகள். சில காலம் ஜெர்மனியில், பிறகு இங்கிலாந்தில் குடியிருந்தார்கள். 1875-ல் கணவர் லண்டனில் பாக் பாடகர் குழுவைத் தொடங்கினார். உலகமே பணம் கொட்டிக் கேட்ட சொப்ரானோ, அந்தக் குழுவின் சொப்ரானோ பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து நின்று பாடினார்கள். 1883-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆப் மியூசிக் தொடங்கியபோது அதில் குரலிசைப் பேராசிரியை ஆனார்கள். மூச்சை எப்படி விடுவது என்று பாரிஸில் கண்ணீரோடு கற்றதை இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதே வருஷம் மால்வெர்ன் மலைப்பக்கத்தில் ரயில்வே தொழிலாளர்களின் உதவி நிதிக்காகப் பாடினதே பொதுமேடையில் கடைசிப் பாட்டு.

1887 நவம்பர் 2-ம் தேதி, அந்த மலையடிவாரத்தில் 67-ம் வயதில் கண்மூடினார்கள். 1894-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், கவிஞர்களை நினைவுகூரும் மூலையில் அம்மையாருக்கு ஒரு நினைவுச் சிற்பம் வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது, மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று யோபு அறிக்கையிட்ட விசுவாசம் (யோபு 19:25). ஹேண்டல் என்பவர் இசையில் அம்மையார் பாடிப் பாடி ஜனங்களை அழவைத்த வாக்கியமும் அதுவே.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் குரலை இன்று நாம் கேட்பதற்கு ஓர் இசைத்தட்டுகூட இல்லை. மகாராணி கேட்டது போயிற்று. நியூயார்க் கேட்டது போயிற்று. ஆனால் அந்தக் குரல் கட்டின ஆஸ்பத்திரி பிள்ளைகளை வாழவைத்தது. அந்தக் குரல் போட்ட பணத்தில் ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். காற்றில் கலைந்துபோகிற சத்தம், கலையாத காரியமாய் மாறிற்று.

அந்தத் தங்கச்சியிடம் நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இரண்டு கேள்வி மட்டும் கேட்டேன். பாடிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு வேதத்தைத் திறக்க உனக்கு மனசு வருமா? பாட்டுக்கு வந்த காசு யார் பசியை ஆற்றும்? பதிலை நீயே கர்த்தரிடம் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அந்த அம்மா கோபம் வந்தால் என்ன செய்வாங்க என்று கேட்டுச் சிரித்தாள்.

கூடவே சபையாருக்கும் ஒரு கேள்வி உண்டு. வெளியே போய்ப் பாடாதே என்று நம்ம பிள்ளைகளிடம் சொல்கிறோம். சரி, அவர்கள் வீட்டுக் கஷ்டத்தை நாம் எத்தனை தரம் விசாரித்தோம்? நல்ல குரலுள்ள ஒரு ஏழைப் பிள்ளைக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்க நம்ம காணிக்கையில் ஏதாவது ஒதுக்கினோமா? ஜென்னி லிண்ட் என்ற சிறுமியின் பாட்டைத் தெருவில் போன ஒரு வேலைக்காரப் பெண் நின்று கேட்டாள், போய்ச் சொன்னாள். அவள் பேர்கூடச் சரித்திரத்தில் இல்லை. அவள் கேட்காமல் போயிருந்தால் இந்தச் சரித்திரமே இல்லை.

உங்கள் தெருவிலும் ஏதோ ஒரு ஜன்னலோரத்தில் ஒரு பிள்ளை பாடிக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் நின்று கேளுங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.